கிழக்குச் சரிவில் அறுபது கன்று

கள்ளக்குறிச்சி
9.12.2024

எழில்,

நீ ஃபோன் செய்தும் எடுக்காததற்குக் காரணம் கோபம்தான், மறைக்கவில்லை. எடுத்தால் இரண்டு நிமிஷத்தில் அந்த மழைநாளுக்கே போய் நிற்கிறோம். "நான்தான் போவாதன்னு சொன்னேனே" என்கிறாய் நீ. நீ கூட வந்திருந்தால் வழுக்கியிருக்க மாட்டேன் என்கிறேன் நான். பேசிப் பேசி அலுத்துவிட்டது. இனிமேல் கடிதம். அளவுத்தாள்கள் எப்படியும் பஸ்ஸில்தான் வரவேண்டும், கூடவே ஒரு பக்கம் எழுதிப் போடு. காலை வண்டி கண்டக்டர் பச்சமுத்துவிடம் கவரைக் கொடுத்தால் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அத்தாவின் தார்ப்பாய்க் கடையில் போட்டுவிடுவார். பேசி வைத்திருக்கிறேன்.

தொடையில் கம்பி வைத்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு மலைப்பாதை பஸ்ஸை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாதாம். கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் கிடக்கிறேன். நாளெல்லாம் தார்ப்பாய் வாசனை. அம்மா கஞ்சி கொண்டுவரும்போதெல்லாம், படிச்சது போதும் என்று ஒரு முறை சொல்லிவிட்டுத்தான் டம்ளரைக் கீழே வைக்கிறார்.

உனக்கே தெரியும், இது என் ஆறாவது வருஷம். கன்று நட்ட பிறகு வந்த முதல் குளிர்காலம் புயல்மழையில் போனது. இரண்டாவதில் இலையின் நலத்தை அளக்கும் மீட்டர் பெங்களூரில் ரிப்பேருக்குக் கிடந்தது. மார்ச் 31க்குள் ஆய்வேட்டைத் தாக்கல் செய்யாவிட்டால் பதிவு ரத்து, இனி நீட்டிப்பு கிடையாது. எனக்கு மிச்சமிருப்பது இந்த ஒரே குளிர்காலம், அதையும் நீதான் எடுத்துத் தரவேண்டும்.

மூன்று இடம், இடத்துக்கு அறுபது பைன் கன்று. முதலில் கிழக்குச் சரிவு, பிறகு பள்ளம், கடைசியில் மேற்குச் சரிவு. எல்லாம் சூரியன் தலைகாட்டுவதற்கு முன்னால். இரவெல்லாம் இருட்டில் ஓய்ந்திருக்கும் ஊசியிலையில் மீட்டரின் கிளிப்பைப் போட்டால்தான் முந்தின நாள் பட்ட சேதம் தெரியும். எண்பது வந்தால் இலை நலம். அறுபதுக்குக் கீழே போனால் ஒளிச்சேர்க்கை அடிபட்டுவிட்டது என்று அர்த்தம். குளிரில் விறைத்த இலைமேல் வெயில் விழுந்தால், அந்த ஒளியை அதால் சமாளிக்க முடியாது. அதனால் குளிர் அதிகமான பள்ளத்தைவிட, வெயில் முதலில் வரும் கிழக்குச் சரிவில்தான் கன்றுகள் கெடும். ஆறு வருஷமாக நான் சொல்லவருவது இவ்வளவுதான்.

காவலுக்கு இருக்கும் இருசம்மாக்காவிடம் கன்றுகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல். அவள் ஆடே மேய்ந்துவிட்டாலும் மேய்ந்துவிடும்.

மஹ்ஜபீன்


வெள்ளிமலை
15.12.2024

மஹ்ஜபீன்,

பாடம் நடத்தியதற்கு நன்றி. ஒரே பெஞ்சில் மூன்று வருஷம் தாவரவியல் படித்தவளுக்கு எண்பது என்றால் என்ன, அறுபது என்றால் என்ன என்று எழுதியிருக்கிறாய். படுத்துக் கிடப்பவளிடம் சண்டை போடக்கூடாது என்று என் தம்பி சொல்கிறான். அதனால் விட்டுவிடுகிறேன்.

இங்கே நிலவரம் இது. நாலரைக்கு எழுந்திருக்கிறேன். கிழக்குச் சரிவுக்கு நடந்து போகவே நாற்பது நிமிஷம். கையுறை போட்டால் கிளிப் போட வரவில்லை, கழற்றினால் விரல் வரவில்லை. டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு எண்ணை எழுதுகிறேன், அதனால்தான் தாளில் அங்கங்கே எச்சில். பள்ளத்தில் குளிர் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கிறது, நேற்று ஏழு டிகிரி. மேற்குச் சரிவை முடித்துவிட்டு எட்டரைக்குள் பள்ளிக்கூடத்தில் நிற்கவேண்டும். அங்கே நான் தற்காலிக டீச்சர். பாதி நாள் கரும்பலகையைப் பார்த்தபடியே தூங்குகிறேன்.

இருசம்மாக்காவிடம் நீ சொன்னதைச் சொன்னேன். "நான் பாத்துக்காம வேற யாரு பாத்துக்குவா, போய்ப் படிக்கச் சொல்லு அந்தப் பொண்ண" என்றாள்.

இன்னொன்று. தெய்வசிகாமணி சார் அடுத்த வருஷம் தொடங்கப்போகும் ஐந்து வருஷத் திட்டத்துக்கு மலையிலேயே ஒரு களப் பணியாளரை எடுக்கப்போகிறார் என்று நீதானே சொன்னாய். எனக்கு அது வேண்டும், மஹ்ஜபீன். தற்காலிகம், தற்காலிகம் என்றே எனக்கு முப்பத்தொன்று ஆகிவிட்டது. உன் வழிகாட்டி அவர். நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

தாள்கள் ஏழு இத்துடன்.

எழில்மதி


கள்ளக்குறிச்சி
24.12.2024

எழில்,

தாள்களைப் பார்த்தேன். நேற்று வந்ததில் கிழக்குச் சரிவு ஐம்பத்தெட்டு! பள்ளம் எழுபத்தொன்று, மேற்கு எழுபத்தொன்பது. காலில் கம்பி என்றும் பாராமல் எழுந்து நிற்கப் பார்த்தேன், அம்மா திட்டினார். குளிர் மட்டும்தான் காரணம் என்றால் பள்ளத்துக் கன்றுதான் முதலில் கெட்டிருக்கவேண்டும். கெடவில்லை, ஏனென்றால் அங்கே வெயில் இறங்க ஒன்பது மணி ஆகிறது, அதற்குள் இலைக்குச் சூடு வந்துவிடுகிறது. சரிவு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதே விஷயம் என்று இனி தைரியமாக எழுதலாம்.

சந்தோஷப்படக்கூட அலுப்பாக இருக்கிறது. விடியுமுன் பஜ்ருக்கு பாங்கு சொல்லும்போது விழிப்பு வந்துவிடுகிறது. இந்நேரம் எழில் கிழக்குச் சரிவில் இருப்பாள் என்று நினைத்தபடி அப்படியே படுத்திருக்கிறேன். உன்னை அனுப்பிவிட்டு இங்கே போர்த்திக்கொண்டு கிடப்பது கூச்சமாகத்தான் இருக்கிறது. அதை ஃபோனில் சொல்லியிருக்க மாட்டேன்.

வேலை விஷயம் சாரிடம் சொல்லிவிட்டேன். "அந்தப் பொண்ணு தாள் சுத்தமா இருக்கும்மா, பாக்கலாம்" என்றார். அவர் பாக்கலாம் என்றால் முக்கால்வாசி முடிந்த மாதிரி.

ஜனவரி முழுக்க இப்படியே இறங்கிக்கொண்டு வந்தால் போதும்.

மஹ்ஜபீன்


வெள்ளிமலை
5.1.2025

மஹ்ஜபீன்,

இந்த வாரத் தாள்களைப் பார்த்தால் நீ என்னைத் திட்டுவாய். கிழக்குச் சரிவு ஏறுகிறது. முப்பதாம் தேதி அறுபத்துநாலு, இரண்டாம் தேதி எழுபது, இன்று காலை எழுபத்தாறு. குளிர் ஒன்றும் குறையவில்லை, இன்றைக்கும் எட்டு டிகிரி. வெயிலும் பளிச்சென்றுதான் அடிக்கிறது. கிளிப்பைத் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தேன், அதே எண். மீட்டரைச் சந்தேகப்பட்டு மேற்குச் சரிவுக் கன்றிலும் இரண்டு முறை வைத்தேன். அது வழக்கம்போல எழுபத்தொன்பது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வந்ததை வந்தபடி எழுதியிருக்கிறேன்.

எனக்கு இருமல். கடிதம் இவ்வளவுதான்.

எழில்மதி


கள்ளக்குறிச்சி
8.1.2025

எழில்மதி,

எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாக யோசித்தேன். நேராகவே கேட்கிறேன். நீ உண்மையில் கிழக்குச் சரிவுக்குப் போகிறாயா?

இருமல் என்கிறாய், தூக்கமில்லை என்கிறாய். நாற்பது நிமிஷம் இருட்டில் நடப்பது கஷ்டம்தான். மேற்குச் சரிவு உன் வீட்டுக்குப் பக்கம். அங்கேயே இரண்டு தடவை கிளிப் போட்டு ஒன்றைக் கிழக்கு என்று எழுதினால் இந்த மாதிரித்தான் தாள் வரும். அடிபட்ட இலை அதே குளிரிலும் அதே வெயிலிலும் ஒரே வாரத்தில் பன்னிரண்டு ஏறாது. நான் படித்த எந்தக் கட்டுரையிலும் ஏறவில்லை.

உன் மேல் பழி போட ஆசையில்லை. ஆனால் என்னால் மேலே வந்து பார்க்க முடியாது. சாருக்கு எழுதிவிட்டேன். டிசம்பர் 30 முதல் கிழக்குச் சரிவு எண்கள் களப் பணியாளர் பிழை, அவற்றை நீக்கிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறேன். வேறு வழி தெரியவில்லை.

தவறு என்றால் சொல். கோபித்துக்கொள்ளாமல் சொல்.

மஹ்ஜபீன்


வெள்ளிமலை
17.1.2025

மஹ்ஜபீன்,

உன் கடிதம் வந்த பிறகு ஒன்பது நாள் வெறும் தாளாகத்தான் அனுப்பினேன். பார்த்திருப்பாய். எழுத உட்கார்ந்தால் கை வேறெதையோ எழுதிவிடும் போலிருந்தது.

நான் தினமும் போனேன். பொங்கல் அன்றைக்கும் போனேன். வீட்டில் பொங்கல் பொங்கும்போது நான் பள்ளத்தில் நின்றிருந்தேன். என் அம்மா அதற்காக இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டவள் நீ. பிழையா, பொய்யா என்றுகூட என்னிடம் கேட்டு முடிக்காமல் சாருக்கு எழுதிவிட்டு, கோபித்துக்கொள்ளாமல் சொல் என்கிறாய். கோபம் இல்லை, மனசு வெறுத்துவிட்டது.

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். நேற்று என் கையுறையைக் கிழக்குச் சரிவில் மறந்து வைத்துவிட்டுப் பள்ளத்துக்குப் போய்விட்டேன். பள்ளிக்கூடம் விடுமுறைதானே என்று ஏழு மணிக்குத் திரும்பிப் போனால், ஒவ்வொரு கன்றுக்கும் கிழக்கே ஒரு தழைக்கொப்பு குத்தியிருக்கிறது. அறுபதுக்கும். கன்றெல்லாம் நிழலில் உட்கார்ந்திருக்கிறது. கடைசி வரிசையில் இருசம்மாக்கா குனிந்து குத்திக்கொண்டிருக்கிறாள்.

நான் இருட்டில் அளந்துவிட்டுப் போனதும் அவள் வருகிறாள். வெயில் மேலே ஏறும்வரை தழையை நிற்க விடுகிறாள். பத்து மணிக்குப் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டுவிடுகிறாள். அதனால்தான் என் கண்ணில் ஒருநாளும் படவில்லை. டிசம்பர் 28இலிருந்து இப்படித்தானாம். ஏன்க்கா என்று கேட்டேன்.

"பனியில வெறச்சிப் போய்க் கெடக்குது, அதுக்குள்ள வெயிலு மூஞ்சில அடிக்குது. நுனியெல்லாம் மஞ்சளாய்க்கினு வந்துச்சி. பத்திரமா பாத்துக்கச் சொன்னீங்க, பாத்துக்கினேன். இதுல இன்னா தப்பு?"

இங்கே மார்கழியில் மிளகாய் நாற்று எடுத்து நட்டால் கிழக்கில் ஒரு தழை குத்துவார்கள். என் அம்மா குத்துவாள். சின்ன வயதில் நானே குத்தியிருக்கிறேன். அது என் மூளைக்கு எட்டவில்லை பார், அதற்கு வேண்டுமானால் என்னைத் திட்டு.

எண்கள் அத்தனையும் உண்மை. சாருக்கு எழுதியதை நீயே மாற்றி எழுது. இந்த மாதக் கடைசியில் ஆள் எடுக்கிறார்.

எழில்மதி


கள்ளக்குறிச்சி
19.1.2025

எழில்,

படித்துவிட்டு நெடுநேரம் அழுதேன். அத்தா கடையிலிருந்து எழுந்து வந்து கால் வலிக்கிறதா என்று கேட்டார், ஆமாம் என்றேன். என்னை மன்னித்துவிடு. எழுத வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

சாருக்கு எழுதுகிறேன். ஆனால் பத்து நாள் மட்டும் பொறு. அவரை உனக்குத் தெரியாது. காவலுக்கு இருந்தவளே கன்றுகளுக்கு நிழல் கட்டினாள் என்று இப்போது சொன்னால், இந்தக் குளிர்காலம் முழுவதும் செல்லாது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். மார்ச்சில் நான் கையில் எதை வைத்துக்கொண்டு நிற்பேன்? ஆறு வருஷம், எழில். அம்மா இப்போதே சின்னசேலத்தில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறார் என்று பேச்செடுக்கிறார். அதைத் தள்ளிப்போட எனக்கு இருக்கும் ஒரே காரணம் இந்த ஆய்வேடு.

ஒரு வழி தோன்றுகிறது. இன்னும் பத்து நாள் தழை வைக்காமல் விடச் சொல். எண் மறுபடி இறங்கினால், காலை வெயில்தான் காரணம் என்பது முன்னைவிட உறுதியாகிவிடும். தழை கெடுத்ததைத் தழையே சரி செய்ததாகிவிடும். அந்தத் தாளோடு சாரிடம் போனால் அவர் ஒன்றும் சொல்ல முடியாது. உன் பெயரும் அப்போதே சுத்தமாகிவிடும்.

நீ கேட்டதைத் தள்ளிப்போடுகிறேன் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

மஹ்ஜபீன்


வெள்ளிமலை
22.1.2025

மஹ்ஜபீன்,

சரி. பத்து நாள். அதற்குமேல் ஒருநாள்கூட இல்லை.

ஆனால் அறுபதையும் வெயிலில் விட எனக்கு மனம் வரவில்லை. முப்பதுக்குத் தழை இருக்கட்டும், முப்பதுக்கு வேண்டாம். ஒப்பிடவும் அதுதான் நல்லது. படித்தவள்தானே, இதை நீயே சொல்லியிருக்கலாம்.

இருசம்மாக்காவிடம் போய்ச் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் சரிவில் உட்கார்ந்துவிட்டாள். எந்த முப்பது என்று நீயே சொல் என்றேன். அவள் வளர்த்தது, அவளுக்கொரு மரியாதை கொடுப்போம் என்று நினைத்துத்தான் கேட்டேன். மடத்தனம். கன்று கன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். இது போன மழையில் சாய்ந்தது, இது பாறையோரம் வேர் பிடிக்காமல் கிடந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொன்னாள். கடைசியில் என்னைப் பார்த்து, "வெயில்ல போட்டு எது சாவுதுன்னு பாக்கறதுக்கா இம்மாம் படிப்பு? என்னை ஏன் கேக்கற, நீயே சொல்லிக்க" என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

நான் ஒன்று விட்டு ஒன்று எண்ணினேன். ஒற்றைப்படை வெயிலில், இரட்டைப்படை நிழலில். இப்போது தழை வெட்டி வைப்பதும் என் வேலை. பள்ளிக்கூடத்தில் பத்து நாள் தாமதமாக வர அனுமதி கேட்டேன். தலைமையாசிரியர் முகத்தைப் பார்த்தால் அடுத்த வருஷம் என்னை மறுபடி எடுப்பார் என்று தோன்றவில்லை.

31ஆம் தேதிக்குள் சாருக்கு எழுதிவிடு. இதை மட்டும் கேட்கிறேன்.

எழில்மதி


வெள்ளிமலை
1.2.2025

மஹ்ஜபீன்,

கடைசித் தாள் இத்துடன். நிழலில் இருந்த முப்பதும் எழுபத்தெட்டு. வெயிலில் விட்ட முப்பது அறுபத்தாறு, அறுபத்தொன்று, ஐம்பத்துநாலு என்று இறங்கி இன்றைக்கு நாற்பத்தொன்பது. ஒரே சரிவு, ஒரே குளிர், பக்கத்துப் பக்கத்துக் கன்று. உனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இதைவிடத் தெளிவாக யாராலும் காட்ட முடியாது.

எழுதிவிட்டாயா? பச்சமுத்து அண்ணனிடம் இரண்டு நாளாக உன் கவர் ஏதாவது வந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார்.

எழில்மதி


கள்ளக்குறிச்சி
5.2.2025

எழில்,

இந்தக் கடிதத்தை நாலு தடவை கிழித்துவிட்டு ஐந்தாவது தடவையாக எழுதுகிறேன்.

31ஆம் தேதி எழுதவில்லை. கடைசித் தாள் கைக்கு வரட்டும் என்று இருந்தேன். அது வருவதற்கு முன்னால் எழுதினால் எண் இறங்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். நேற்றுத்தான் எல்லாவற்றையும் எழுதினேன். தழை, இருசம்மாக்கா, ஒற்றைப்படை இரட்டைப்படை, நான் உன்னைச் சந்தேகப்பட்டது, ஒன்றையும் விடவில்லை. இன்று காலை அவரே ஃபோன் செய்தார்.

ஆய்வேட்டுக்கு ஆபத்தில்லை. நான் நினைத்த மாதிரி அவர் எதையும் தள்ளவில்லை. தழைதான் உன் ஆய்வின் சிறந்த பகுதி, நடந்ததை நடந்தபடி எழுது என்றார். பயந்ததெல்லாம் வீண். பிறகு, "இத ரெண்டு வாரம் முன்னாடி சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

ஆள் எடுத்துவிட்டார்கள். 31ஆம் தேதி பட்டியல் போய்விட்டது. சேலத்திலிருந்து ஒருத்தரைப் போட்டிருக்கிறார். என் ஜனவரிக் கடிதத்தைப் படித்த பிறகு உன் பெயரை அடித்துவிட்டாராம். இனி ஐந்து வருஷத்துக்கு அதை மாற்ற முடியாது என்கிறார்.

நான் உன்னைப் பத்து நாள் பொறு என்றேன். நீ பொறுத்தாய். அந்தப் பத்து நாளில்தான் இது நடந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். மாதக் கடைசி என்று நீ இரண்டு முறை எழுதியிருந்தாய். எனக்கு என் ஆய்வேடு பெரிதாக இருந்தது.

திட்டியாவது எழுது.

மஹ்ஜபீன்


வெள்ளிமலை
20.2.2025

மஹ்ஜபீன்,

திட்டத் தெம்பில்லை. உன் கடிதம் வந்த அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து படுத்தவள்தான், மறுநாள் சாயங்காலம்தான் எழுந்தேன். நாலரைக்கு எழ வேண்டாம் என்பது மட்டும் நன்றாக இருந்தது.

பணி என்ற முறையில் எழுதவேண்டியதை எழுதிவிடுகிறேன், உன் ஆய்வேட்டில் சேர்த்துக்கொள்ளலாம். ஒற்றைப்படைக் கன்று முப்பதில் பதினொன்று பழுப்பேறிவிட்டது, இனித் தேறாது. எட்டு தேறலாம். மிச்சம் பரவாயில்லை. பிப்ரவரி இரண்டாம் தேதியே எல்லாவற்றுக்கும் மறுபடி தழை வைத்தேன். குளிர் விட்டதும் பதினாறாம் தேதியோடு நிறுத்திவிட்டேன்.

இருசம்மாக்கா காவலுக்கு வருவதில்லை. வடக்கனந்தல் பக்கம் கரும்பு வெட்டப் போயிருக்கிறாள். ஆட்டைத் தங்கை வீட்டில் விட்டிருக்கிறாள். போகும் முன் ஒரு நாள் சரிவுக்கு வந்தாள். பழுப்பேறிய பதினொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். என்னை ஒன்றும் சொல்லவில்லை. "நீயும்தான் இன்னா பண்ணுவ, வேலன்னு வந்துட்டா" என்றாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அதனால்தான் உன்னைத் திட்டவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே, அது வேறு.

மீட்டரைத் துடைத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பச்சமுத்து அண்ணனிடம் கொடுக்கப் பயமாக இருக்கிறது. நீயோ உன் சாரோ ஆள் அனுப்புங்கள்.

எழில்மதி


கள்ளக்குறிச்சி
18.3.2025

எழில்,

இத்துடன் இருப்பது ஆய்வேட்டின் பிரதி. ஸ்பைரல் போட்டதுதான், பைண்டிங் இனிமேல். 28ஆம் தேதி தாக்கல் செய்கிறேன். அதற்கு முன்னால் நீ ஒருமுறை பார்க்கவேண்டும். அளந்தவள் நீ. எண்களை உன் கைக்குறிப்போடு ஒப்பிட்டுச் சரிபார். எங்காவது தவறு இருந்தால் எழுது, மாற்றிவிடுகிறேன். சாரிடமும் சொல்லிவிட்டேன், எழில்மதி சரி என்று சொன்ன பிறகுதான் கொடுப்பேன் என்று.

தழைக்கு ஒரு அத்தியாயமே போட்டிருக்கிறேன். மலைவாழ் மக்கள் மார்கழி நாற்றுக்குக் கிழக்கில் தழை குத்தும் வழக்கம், இருசம்மாள் என்ற காவலர் அதைப் பைன் கன்றுகளுக்குச் செய்தது, அதனால் ஆய்வு திரும்பிய விதம், எல்லாம் இருக்கிறது. களப் பணியாளர் பிழை என்று முதலில் நான் தவறாக முடிவு செய்ததையும் அடிக்குறிப்பில் எழுதியிருக்கிறேன். சார் அது வேண்டாமே என்றார். இருக்கட்டும் என்றேன்.

ஊன்றுகோலோடு பஸ் ஸ்டாண்டு வரை நடக்கிறேன். நேற்று வெள்ளிமலை வண்டி கிளம்பும்போது அங்கேதான் நின்றேன். பச்சமுத்து அண்ணன் "ஏறும்மா, முன் சீட்டு தரேன்" என்றார். டாக்டர் இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்கிறார் என்று அவரிடம் சொன்னேன். டாக்டர் அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் உன் வீட்டு வாசலில் வந்து நிற்கவும் எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

இவ்வளவு நடந்த பிறகும் உன்னிடமே வேலை சொல்கிறேன், வேறு யாரையும் நம்ப முடியவில்லை.

மஹ்ஜபீன்


வெள்ளிமலை
23.3.2025

மஹ்ஜபீன்,

பிரதி வந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். நூற்று நாற்பத்தாறு பக்கம்.

எண்கள் எல்லாம் சரி. அட்டவணை ஒன்பதில் ஜனவரி 26க்கான பள்ளத்து வெப்பநிலை 7.5 என்று இருக்கிறது, அது 7.2. படம் பன்னிரண்டில் கிழக்கும் மேற்கும் நிறம் மாறியிருக்கின்றன, அச்சடிப்பவரின் தவறாக இருக்கும். அடிக்குறிப்பைப் படித்தேன். இருக்கட்டும்.

தழை அத்தியாயத்தை இருசம்மாக்காவுக்கும் படித்துக் காட்டினேன். கரும்பு வெட்டி முடித்து வந்துவிட்டாள். தன் பெயர் வந்த இடத்தில் மறுபடி படிக்கச் சொன்னாள். பதினொரு கன்று செத்தது எழுதியிருக்கிறதா என்று கேட்டாள். எழுதியிருக்கிறது என்றேன். அப்ப சரி என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

நல்ல ஆய்வேடு. இதை முகத்துக்காகச் சொல்லவில்லை. ஆறு வருஷம் வீண் போகவில்லை.

ஒரே ஒரு திருத்தம். நன்றியுரையில், மூன்றாவது பக்கம், நாலாவது வரி. "என் தோழி எழில்மதி" என்று இருக்கிறது. களப் பணியாளர் எழில்மதி என்று மாற்றிவிடு. மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. தாக்கல் செய்யலாம்.

எழில்மதி